கொடிக்கு என்ன வயசு?

கேரள எல்லையில் மலைமேல் இருக்கும் குமுளிச் சந்தையில் ஒருவர் வந்து "முந்திரி என்ன விலை?" என்று கேட்டால், கீழே கம்பத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பையன் முந்திரிப்பருப்பு டப்பாவைத் தேடுவான். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. நம் பழைய அகராதிகளிலும் கொடிமுந்திரி என்ற சொல் இருக்கிறது. நாம்தான் அதைக் கைவிட்டு வடமொழித் திராட்சையைப் பிடித்துக்கொண்டோம். பேர் மலைக்கு மேலே தங்கிவிட்டது, பழம் மலைக்குக் கீழே விளைகிறது.

நவம்பர் கடைசி ஆனதும் லோயர் கேம்ப் மலைப்பாதையில் பன்னீர் திராட்சைக் கூடைகள் ஏறத் தொடங்கும். எல்லாம் கிறிஸ்துமஸ் ஒயினுக்கு. கேரளத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அதற்கென்றே ஒரு பீங்கான் பரணி இருக்கும். பழத்தைக் காம்பு கிள்ளிக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, கையாலேயே பிசைவார்கள். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து கசக்கும். சர்க்கரை, கிராம்பு, பட்டை, ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட். வாயில் துணி கட்டி, தினமும் மரக்கரண்டியால் ஒரு கிளறு. மூன்று வாரம் ஆனதும் வடிகட்டி, நிறத்துக்குச் சீனியைக் கருக்கிச் சேர்ப்பார்கள். உரிமம் இல்லாமல் இப்படிச் செய்வது அங்கே அப்காரிச் சட்டப்படி குற்றம். 2019 டிசம்பரில் கலால் துறை அதை ஊரறிய நினைவூட்டியது. பரணிகள் என்னவோ பரணிலிருந்து இறங்கியபடிதான் இருக்கின்றன.

எங்கள் சித்தப்பா கடைக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு அம்மச்சி வருவார். பளபளவென்று நிறைந்த குலையைக் காட்டினால் முகம் சுளிப்பார். "வலுது வேண்டா மோனே, செறுது மதி." அவருக்கு வேண்டியது சின்னக் குலை, இடைவெளி விட்டுக் காய்த்த சின்னக் காய். அதற்காகவே சித்தப்பா ஒரு பெட்டியைத் தனியே எடுத்து வைப்பார். அது மோட்டார் ரூம் ஓரத்தில் நிற்கும் மூன்று கொடிகளின் பழம். தோட்டத்தில் மற்ற எல்லாம் ஒன்றுக்கு இரண்டு தரம் பிடுங்கி நட்டவை. அந்த மூன்று மட்டும் தாத்தா நட்டது. கால் தொடை பருமனுக்குத் திருகிக்கொண்டு, பட்டை நார் நாராக உரிந்து, பார்த்தால் விறகு மாதிரி இருக்கும். மற்ற கொடிகள் தருவதில் பாதிகூடத் தராது. பந்தலைத் திருத்தும்போதெல்லாம் "இதையும் வெட்டிரலாமா" என்ற பேச்சு வரும். அம்மச்சி புண்ணியத்தில் தப்பித்து நிற்கிறது.

அந்த அம்மச்சி கேட்கும் பழத்துக்காகத்தான் உலகின் பெரிய ஒயின் நாடுகளில் இன்று தனிச் சங்கங்களும் முத்திரைகளும் முளைத்திருக்கின்றன. ‘பழங்கொடி ஒயின்’ என்று புட்டியில் அச்சிட்டால் விலை ஏறுகிறது. ஏன் ஏற வேண்டும், கொடி கிழமானால் பழத்தில் சாரம் கூடுமா, அல்லது இதுவும் ‘பாட்டி கைப்பக்குவம்’ என்று ஊறுகாய்ப் பாட்டிலில் ஒட்டுகிற கதைதானா?

முதலில், எது பழங்கொடி? பிரான்சில் லேபிளில் ‘வியே வீன்யே’, அதாவது பழங்கொடிகள், என்று போட்டுக்கொள்ளலாம். எத்தனை வயது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. இருபது வயதுக் கொடிக்கும் போடலாம், எண்பதுக்கும் போடலாம். ஆஸ்திரேலியாவின் பரோஸா பள்ளத்தாக்கில் 2009-ல் ஒரு பட்டியல் போட்டார்கள்: 35 வருஷம் தாண்டினால் பழங்கொடி, 70 தாண்டினால் பிழைத்தது, 100 தாண்டினால் நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டினால் மூதாதை. பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று நாம் அடுக்குகிற மாதிரி. கடைசியில் 2024-ல், பன்னாட்டுத் திராட்சை–ஒயின் அமைப்பு, ஆவணச் சான்றோடு 35 வயது நிறைந்த கொடியே பழங்கொடி என்று தீர்மானம் போட்டது. ‘ஆவணச் சான்றோடு’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

35-க்கு மேலே போனால் கதை எங்கேயோ போகிறது. ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரில், திராவா ஆற்றங்கரையில் ஒரு வீட்டுச் சுவரில் படர்ந்து நிற்கும் கொடிக்கு 400 வயதுக்கும் மேல் என்கிறார்கள். கின்னஸ் பதிவு. அது இன்னும் காய்க்கிறது. அதன் ஒயினைச் சின்னஞ்சிறு புட்டிகளில் அடைத்து நகரத்துக்கு வரும் பெரிய மனிதர்களுக்குப் பரிசளிப்பார்கள். லண்டனுக்கு அருகே ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்ட ஒரு கொடி கண்ணாடிக் கூடத்துக்குள் நிற்கிறது. அதன் பழத்தை வருகிறவர்களுக்கு விற்கிறார்கள். அந்த ரகத்தின் பேர் பிளாக் ஹாம்பர்க்.

இந்தப் பேரில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. கம்பத்துப் பன்னீர் திராட்சையின் தோட்டக்கலைப் பேர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவும் பிளாக் ஹாம்பர்க்கும் கலந்து பிறந்த பிள்ளை அது. மரபணுச் சோதனையும் அதை உறுதி செய்திருக்கிறது. ஆக அரண்மனைக்குள் நிற்கும் அந்தக் கிழவி, சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் பந்தலில் தொங்கும் பழத்துக்குத் தாய்வீட்டு உறவு. பன்னீர் வாசம் தகப்பன் வீட்டுச் சீதனம் என்று வைத்துக்கொள்ளலாம். மஸ்கட் இனத்தில் மிகுந்திருக்கும் ஜெரானியோல், லினலூல் போன்ற மணப்பொருள்கள் ரோஜாவிலும் உண்டு. மூக்கு ஏமாறவில்லை.

இனி கொடிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். நட்ட இரண்டு மூன்று வருஷத்தில் கொடி காய்ப்புக்கு வரும். இளமையில் அதற்கு வேகம் அதிகம். இலையும் தண்டுமாகத் தள்ளும், காயும் கொட்டும். வயது ஏற ஏற அந்த வேகம் குறைகிறது. தண்டின் சில பகுதிகள் பூஞ்சணத்தால் உள்ளுக்குள் செத்துப்போகும், வைரஸ் ஏறியிருக்கும், சாறு ஓடும் குழாய்கள் சில அடைபடும். அதனால் குலை சிறுக்கிறது, காயும் சிறுக்கிறது. ஒயின்காரருக்கு இது நட்டமல்ல. கறுப்புத் திராட்சையின் நிறம், துவர்ப்பு, மணத்தில் பெரும்பங்கு எல்லாம் தோலில்தான் இருக்கிறது. காய் சிறுத்தால் சாற்றுக்குத் தோல் விகிதம் கூடும். குலை நெருக்கமில்லாமல் இருந்தால் நடுவில் காற்றுப் போகும், அழுகல் குறையும். அம்மச்சியின் "செறுது மதி"க்குள் இருக்கும் கணக்கு இதுதான். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

இன்னொரு பக்கம் சேமிப்பு. பருத்த அடித்தண்டும் வேரும் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும் பத்தாயம் மாதிரி. மழை பொய்த்த வருஷம், வெயில் கொளுத்திய வருஷம், இளங்கொடி துவண்டுவிடும். கிழக்கொடி பத்தாயத்தைத் திறந்து சமாளிக்கும். அதனால் வருஷத்துக்கு வருஷம் அதன் பழம் அவ்வளவாக மாறுவதில்லை என்று தோட்டக்காரர்கள் சொல்கிறார்கள். வேர் ஆழமாகப் போயிருக்கும் என்பதும் அடிக்கடி கேட்கிற காரணம். அது மண்ணைப் பொறுத்தது. மானாவாரியாக வளர்ந்த கொடிக்குச் சரி. சொட்டுநீர்க் குழாயடியிலேயே குந்தியிருந்து பழகிய வேர் வயதானாலும் ஆழம் போகாது. சொட்டு விழும் இடத்தில்தான் சுருண்டு கிடக்கும்.

இதெல்லாம் சரி, நாக்குக்கு வித்தியாசம் தெரியுமா? இங்கேதான் நான் கொஞ்சம் பின்வாங்குவேன். ஜெர்மனியில் கைசன்ஹைம் ஆய்வு நிலையத்தில் ஒரே தோட்டத்தில் 1971, 1995, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளில் நட்ட ரீஸ்லிங் என்ற ஒயின் ரகக் கொடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். மண் ஒன்று, ரகம் ஒன்று, பராமரிப்பு ஒன்று. புதிதாக நட்டது காய்ப்பிலும் வளர்ச்சியிலும் முதல் சில வருஷம் தனித்துத் தெரிந்தது. ஆனால் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் பழத்திலோ ஒயினிலோ பெரிய வேறுபாடு காணவில்லை. அப்படியானால் உலகம் முழுக்கப் பழங்கொடி ஒயினைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் எல்லோரும் லேபிளைக் குடிக்கிறார்களா?

அதுவும் முழுதாகச் சரியில்லை என்று நினைக்கிறேன். நூறு வருஷமாக ஒரு தோட்டம் நிற்கிறது என்றால், அந்த நூறு வருஷத்தில் அதை வெட்ட எத்தனையோ சந்தர்ப்பம் வந்திருக்கும். விலை வீழ்ந்தது, நோய் வந்தது, பிள்ளைகள் பட்டணம் போனார்கள். இத்தனைக்கும் பிறகு மிஞ்சியது என்றால், அந்த மண்ணும் அந்த ரகமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். மட்டமாகக் காய்த்தது எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும். நாம் இன்று ருசி பார்க்கும் பழங்கொடி ஒவ்வொன்றும் பல வடிகட்டலுக்குப் பிறகு நிற்பது. நல்ல கொடிதான் கிழமாக விடப்பட்டது. கிழமானதால் நல்லதாக ஆனதா என்பதைத் தனியே பிரித்தெடுப்பது கடினம். எண்பது வயதிலும் வயலுக்குப் போகும் தாத்தாவைக் காட்டி, வயல்வேலை செய்தால் எண்பது வரை வாழலாம் என்று சொல்வதில் உள்ள சிக்கல்தான் இது.

ருசிக் கணக்கு இப்படி இழுபறியாக இருந்தாலும், காப்பாற்ற வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் வேறு இருக்கிறது. கலிபோர்னியாவின் அடையாளமே ஜின்ஃபாண்டெல் என்ற கறுப்புத் திராட்சை. அது எங்கிருந்து வந்தது என்று நூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது. 2001-ல் மரபணுச் சோதனையில் விடை கிடைத்தது: குரோவேஷியக் கடற்கரையில் காஷ்டெல் நோவி என்ற ஊரில், பல ரகம் கலந்து கிடந்த ஒரு பழைய தோட்டத்தில் நின்ற விரல்விட்டு எண்ணக்கூடிய கொடிகள், ஜின்ஃபாண்டெலோடு அச்சுக்கு அச்சு பொருந்தின. உள்ளூரில் அதன் பேர் ‘காஷ்டெலாவின் கறுப்பு’ என்று பொருள்படும் ஒரு பேர். அந்தத் தோட்டக்காரர் ஒரு நாள் அலுத்துப்போய் எல்லாவற்றையும் பிடுங்கி ஒரே ரகமாக நட்டிருந்தால் தாய்நாட்டில் அந்த ரகத்தின் தடயமே அற்றுப்போயிருக்கலாம். சிலியிலும் இதே மாதிரி: பிரான்சின் போர்தோவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் போன கார்மெனெர் என்ற ரகத்தை மெர்லோ என்ற வேறொரு ரகம் என்றே நினைத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். 1994-ல் ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர் தோட்டத்தில் நின்று பார்த்துவிட்டு "இது மெர்லோ இல்லை" என்றார். பிரான்சில் ஏறத்தாழ மறைந்தே போயிருந்த ரகம் அது.

மறையக் காரணம் ஃபிலாக்ஸெரா. 1860-களில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்துசேர்ந்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வேர்ப்பூச்சி. ஐரோப்பாவின் கொடிகளைச் சில பத்தாண்டுகளில் தின்று தீர்த்தது. மருந்து பலிக்கவில்லை. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின்மேல் ஐரோப்பியக் கிளையை ஒட்டுக்கட்டுவதுதான் கடைசியில் வழியானது. அதனால் இன்று ஐரோப்பாவின் பெரும்பாலான கொடிகள் இரவல் காலில் நிற்பவை. சொந்தக் காலில் நிற்கும் கிழக்கொடிகளைப் பார்க்க, பூச்சி நகர முடியாத மணல் மண்ணுக்கோ, பூச்சி போகாத ஊருக்கோ போக வேண்டும்: எரிமலை மணல் நிறைந்த கிரேக்கத்துச் சாந்தோரினித் தீவு, சிலி, தெற்கு ஆஸ்திரேலியா. 1840-களில் நட்ட ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சை இன்னும் காய்ப்பது பரோஸாவில்தான்.

பழைய தோட்டம் காக்கும் மற்றொரு சொத்து, அதன் கலப்பு. இன்றைய நர்சரியில் வாங்கும் கன்றுகள் ஒரே தாயின் அச்சுப்படிகள். ஒன்றுக்கு ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். பழைய தோட்டத்தில் கொடிக்குக் கொடி சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். மொட்டில் தானாக நிகழ்ந்த மாற்றங்கள் நூறு வருஷத்தில் சேர்ந்தவை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைப் பெருக்கியது வேர்விட்ட குச்சிகளால்தான். பக்கத்துத் தோட்டத்தில் எந்தக் கொடி நன்றாகக் காய்க்கிறதோ அதன் கவாத்துக் குச்சியைக் கேட்டு வாங்கி நடுவார்கள். ஒயின் நாடுகளில் இதற்கு ‘திரள் தேர்வு’ என்று பெரிய பேர் வைத்து, காசு கொடுத்துச் செய்கிறார்கள். இங்கே அது ஒரு வெற்றிலை பாக்கில் முடிந்த காரியம்.

பரோஸாவுக்கு வருவோம், ஏனென்றால் அங்கே நடந்தது நமக்கு நெருக்கமான கதை. 1980-களில் ஆஸ்திரேலியாவில் ஷிராஸுக்கு மவுசு போனது. திராட்சை தேங்கியது. 1987 வாக்கில் தெற்கு ஆஸ்திரேலிய அரசு, கொடியைப் பிடுங்குகிறவருக்குப் பணம் என்று திட்டம் போட்டது. உலகிலேயே அரிதான, நூறு வயதுக் கொடிகளைச் சங்கிலி கட்டி டிராக்டரால் இழுத்துக் குவித்து எரித்தார்கள். அரசாங்கமே விறகுக்கு மானியம் கொடுத்த மாதிரி. சில உள்ளூர் ஒயின்காரர்கள் மட்டும் பிடிவாதமாக நல்ல விலை கொடுத்துப் பழந்தோட்டத்துப் பழத்தை வாங்கினார்கள். பத்து வருஷத்துக்குள் அதே பரோஸா ஷிராஸுக்கு உலகம் வரிசையில் நின்றது. பிடுங்கியவர்கள் மறுபடி நட்டார்கள். நட்ட கொடிக்கு வயது ஒன்றிலிருந்துதானே தொடங்கும்.

கலிபோர்னியாவில் பழங்கொடிகள் பிழைத்த விதம் இன்னும் வேடிக்கை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. ஒயின் ஆலைகள் மூடின, கொடிகள் அழிந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டில் பழச்சாறு தயாரித்துக்கொள்ள சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. சாறு என்ற பேரில் ஒயின் செய்ய, திராட்சை ரயிலேறிக் கிழக்குக் கரைக்குப் போனது. குடும்பங்கள் வாங்கின, கொடி நின்றது. 1970-களில் மறுபடி ஒரு கண்டம்: கறுப்பு ஒயின் விற்கவில்லை. அப்போது ஜின்ஃபாண்டெலை இளஞ்சிவப்பாக, இனிப்பாக, மலிவாகச் செய்து விற்றார்கள். ஒயின் பண்டிதர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மலிவு ஒயின் விற்றதால்தான் பழைய ஜின்ஃபாண்டெல் தோட்டங்கள் பிடுங்கப்படாமல் தப்பின. குமுளிச் சந்தையில் டிசம்பரில் அம்மச்சிகள் பேரம் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரயில்கள் நினைவு வரும். கொடியைக் காப்பது நிபுணர் மட்டுமில்லை, வீட்டுப் பரணியும்தான்.

இதில் ஒழுங்காகக் காரியம் செய்தது தென்னாப்பிரிக்கா. ரோஸா க்ரூகர் என்ற தோட்டக்கலை வல்லுநர் 2002-லிருந்து ஊர் ஊராகப் போய்ப் பழைய தோட்டங்களைத் தேடிப் பட்டியல் போட்டார். அந்த ஊரில் ஒவ்வொரு திராட்சைத் தோட்டமும் எந்த ஆண்டு நட்டது என்ற பதிவு ஏற்கெனவே தொழில்துறைக் கணக்கில் இருந்தது. அதை வெளியே எடுக்க வைத்ததில்தான் வேலை பாதி முடிந்தது. 2016-ல் அது பழங்கொடித் திட்டம் என்ற அமைப்பானது. 2018 முதல் 35 வயது தாண்டிய தோட்டத்து ஒயின் புட்டிக்கு ஒரு முத்திரை, அதில் நட்ட ஆண்டு. குடிக்கிறவருக்கு வருஷம் கண்ணெதிரே தெரிகிறது. அந்த வருஷத்துக்காக அவர் கூடக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு தோட்டக்காரருக்குத் திரும்பினால்தான், குறைவாகக் காய்க்கும் கொடியை அவர் வெட்டாமல் வைத்திருக்க முடியும். பழங்கொடி பற்றி எத்தனை கவிதை எழுதினாலும் ஏக்கர் கணக்கு இப்படித்தான் முடிகிறது.

சரி, நம் பள்ளத்தாக்கு. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே திராட்சையைக் கொண்டுவந்தார் என்பது ஊர் சொல்லும் வரலாறு. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. இன்று தமிழ்நாட்டுத் திராட்சைப் பரப்பில் ஏறத்தாழ 85 சதவீதம் பன்னீர்தான். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். வெடித்ததில் தப்பில்லை. ஆனால் அந்தக் குறியீடு பழம் எங்கே விளைந்தது என்று மட்டும் சொல்லும். கொடிக்கு என்ன வயது என்று அது கேட்பதில்லை.

வயது என்று பேச்செடுத்தால் இங்கே முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்ய வேண்டும். ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி இலையுதிர்த்துத் தூங்கும். வருஷத்துக்கு ஒரு அறுப்பு. இங்கே தூக்கமே கிடையாது. டிசம்பர்–ஜனவரியில் கவாத்து அடித்தால் ஏப்ரல்–மே அறுப்பு, மே–ஜூனில் அடித்தால் ஆகஸ்ட்–செப்டம்பர் அறுப்பு. கெட்டிக்காரத் தோட்டத்தில் இரண்டு வருஷத்தில் ஐந்து அறுப்பு எடுப்பார்கள். அதனால்தான் கம்பத்தில் வருஷம் பூராவும் பழம் கிடைக்கிறது, கிறிஸ்துமஸுக்கும் சரியாகப் பழம் இருக்கிறது. இந்தக் கணக்கில், 35 வயது ஐரோப்பியக் கொடி தன் ஆயுளில் எடுத்த முப்பத்துச் சொச்சம் அறுப்பை நம் கொடி பதினைந்து பதினாறு வயதிலேயே முடித்துவிடும். அறுப்பு முடிந்து இலை தண்டுக்குச் சத்தை அனுப்பிப் பத்தாயத்தை நிரப்புவதற்குள் அடுத்த கவாத்துக் கத்தரி வந்து நிற்கும். பதினைந்து வயதில் நம் தோட்டக்காரர் "கொடி கிழடு தட்டிருச்சு" என்று சொல்வதைக் கேட்டு மாரிபோர்க்காரர் சிரிக்கலாம். அறுப்பை எண்ணிப் பார்த்தால் அவர் சிரிக்க மாட்டார். வெப்ப நாட்டுக்குப் பழங்கொடி என்றால் வருஷத்தை எண்ணுவதா, அறுப்பை எண்ணுவதா? 35 என்ற எண் குளிர்நாட்டு எண். நம் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுக்கத்தக்க கேள்வி இது. ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

பிடுங்குகிறவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கல்தூணும் கம்பியுமாகப் பந்தல் போட ஆகும் செலவு சின்னதில்லை. ஒரு ராத்திரி மழையில் செவட்டை நோய் இறங்கினால் இலை கருகிவிடும். அறுப்பு நேரத்தில் மழை பெய்தால் காய் வெடிக்கும், வியாபாரி தோட்டத்து வரப்பில் நின்றபடியே விலையைப் பாதியாக்குவார். எங்கள் வீட்டிலேயே ஒரு வருஷம் பேசிய விலைக்கு எடுக்காமல் ஒரு வியாபாரி காணாமல் போனார். பழம் பந்தலிலேயே சுருங்கியது. அந்தக் கோபத்தில்தான் தாத்தா நட்டதில் பெரும்பகுதி வெட்டுப்பட்டது. குறைவாகக் காய்ப்பதை வைத்திருக்க, அந்தக் குறைவுக்கு யாராவது கூட விலை தர வேண்டும். இங்கே விலை எடையில்தான். சின்னக் குலைக்குத் தனி விலை கொடுக்கும் ஒயின் சந்தை தமிழ்நாட்டில் இல்லை. இந்த ஊரில் ‘ஒயின்ஷாப்’ என்ற பலகைக்குக் கீழே ஒயினைத் தவிர மற்ற எல்லாம் விற்ற காலத்திலிருந்தே அப்படித்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு நாள் சித்தப்பாவிடம் கேட்டேன், அந்த மூன்று கொடி எந்த வருஷம் நட்டது என்று. பக்கத்துக் கல்தூணின் அடியில் சிமெண்டில் 1996 என்று ஆணியால் கீறியிருக்கிறது. அது பந்தல் மாற்றிய வருஷமாம், கொடி அதற்கும் முந்தி.

"உங்க அத்தை கல்யாணத்துக்கு முந்தின வருஷம்."

சித்தி உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "கிடையவே கிடையாது. மோட்டார் போட்ட வருஷம். மோட்டார்த் தண்ணி மொதல்ல விழுந்த எடத்துல நட்டதுன்னு மாமா சொல்லுவாக."

கல்யாணத்துக்குப் பத்திரிகை கிடைக்கவில்லை. மோட்டாருக்குச் சான்று கிடைத்தது. சித்தி டிரங்குப் பெட்டியைக் கிளறி, பாலித்தீன் உறையில் சுருட்டி வைத்த மின்சார வாரியக் கார்டை எடுத்துவந்தார். ஓரம் செல்லரித்திருந்தது. இணைப்புக் கொடுத்த தேதி தெளிவாக இருந்தது: 1983. விரல்விட்டு எண்ணி, நாற்பது தாண்டிவிட்டது, பரோஸாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் என்றால் இதற்கு முத்திரை குத்துவார்கள், விலையும் கூடும் என்று சொன்னேன்.

சித்தப்பா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இந்த டிசம்பருக்கு அம்மச்சிகிட்ட கிலோவுக்குப் பத்து ரூபா கூடக் கேட்டுப் பாக்கட்டுமா?"

"கேளுங்க," என்றார் சித்தி. "கூடையை அங்கேயே வச்சுட்டுப் போகும்."